கோட்டுக்குக் கீழே

12 பிப்ரவரி 2007, திங்கள்

நான்காவது ரொட்டியும் கல்லாகத்தான் வந்தது. என் கணவர் மொன்செஃப் அதை மேசையில் இரண்டு தட்டு தட்டிப் பார்த்தார். "இதைக் கொண்டுபோய் ஸ்ஃபாக்ஸ் துறைமுகத்துல போட்டா கப்பலைக் கட்டி வைக்கலாம், ஒல்ஃபா." சிரித்தேன். பிறகு குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

மகள் ரனீமுக்கு ஒன்பது மாதம். அவள் வயதுக் குழந்தைகள் தெருவில் அம்மா இடுப்பில் உட்கார்ந்து ரொட்டி முனையைக் கடிக்கின்றன. இவளுக்குச் சாதாரண ரொட்டி கூடாது. பால், இறைச்சி, முட்டை, கடலை எதுவும் கூடாது. புரதம் உள்ளே போனால் அதை உடைக்க அவள் உடம்புக்குத் தெரியாது. ரத்தத்தில் சேரும், மூளையைத் தின்னும். மொன்செஃபின் சித்தப்பா மகனுக்கும் இதே வியாதிதான். அந்தக் காலத்தில் கண்டுபிடிக்கவில்லை. அவனுக்கு இப்போது முப்பது வயது. பேச்சு வரவில்லை. அவனால்தான் இவளுக்குப் பிறந்தவுடனே சோதித்தார்கள். அவனைப் பார்க்கும்போதெல்லாம் நன்றி சொல்லத் தோன்றும். சொன்னால் அவனுக்குப் புரியாது.

மருந்துபோல ஒரு பால்மாவு இருக்கிறது. புரதம் எடுத்த மாவு ஒன்றும் பச்சைப் பையில் வருகிறது. அந்த மாவுதான் கல்லாகிறது.

தாய்மார் குழுவுக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன். ரொட்டி ஏன் எழும்ப மாட்டேன் என்கிறது?

15 பிப்ரவரி, வியாழன்

இந்த மின்னஞ்சல் குழு மூன்று மாதமாகத்தான் பழக்கம். ஓரான், கசாபிளாங்கா, மார்செய், துனிஸ் என்று எங்கெங்கோ இருக்கும் அம்மாக்கள். எல்லார் பிள்ளைக்கும் இதே வியாதி. ஒவ்வொருத்தி கடிதமும் தனித்தனியாக வந்தால் பெட்டி நிரம்பிவிடும் என்று, ஒரு நாளின் கடிதங்களை எல்லாம் ஒன்றாகத் தைத்து ஒரே மூட்டையாக அனுப்புகிறார்கள். முப்பது கடிதம், ஒரே நீளம். ஒரு கையில் ரனீம், மறு கையில் கணினியின் எலி. பாதி படிப்பதற்குள் அழுகை. திரும்பி வந்தால் எங்கே விட்டேன் என்று தெரியாது. யாருக்காவது பதில் எழுதினால் மூட்டை முழுவதும் கூடவே ஒட்டிக்கொண்டு போகிறது. போன வாரம் அப்படி ஒருத்தி அனுப்பிவிட்டு மூன்று நாள் திட்டு வாங்கினாள்.

கணினி படித்து, காப்பீட்டு அலுவலகத்தில் இரண்டு வருடம் நிரல் எழுதியவள் நான். இதைப் பிரிக்கத் தெரியாதா?

16 பிப்ரவரி

தெரியும். அவள் மதியம் தூங்கிய ஐம்பது நிமிடத்தில் முடித்தேன்.

23 பிப்ரவரி, வெள்ளி

அதற்குச் சல்லடை என்று பெயர் வைத்திருக்கிறேன். கருப்புத் திரையில் ஒரே ஒரு வரி தட்டினால் போதும். மூட்டை பிரிந்து, கடிதங்கள் அவரவர் பெயரில் தனித்தனியாக வந்து விழும். பட்டன் இல்லை, படம் இல்லை. "அழகா ஒண்ணுமே இல்லையே" என்றார் மொன்செஃப். எனக்கு அதுதான் அழகு.

விதி எளிது. கடிதத்துக்கும் கடிதத்துக்கும் நடுவே மூட்டையில் சிறு கோடுகளை வரிசையாக இழுத்திருப்பார்கள். பத்துக் கோடு தொடர்ந்து வந்தால் வெட்டு. வெட்டிய துண்டில் அனுப்பியவர் பெயர் இல்லையென்றால் அது கடிதமே இல்லை, குழுவிலிருந்து விலகுவது எப்படி என்ற தினசரி அறிவிப்பு. அதைக் 'கப்பி' என்ற உறையில் தள்ளு. கஸ்கஸ் ரவை சலிக்கும்போது மேலே நிற்குமே, அது. தூக்கி எறிய மனம் வராமல் சேர்த்து வைக்கிறேன். வீட்டிலும் அப்படித்தான், ஒரு காலி டப்பாவைக் கூட எறிந்ததில்லை.

குழுவில் பிசெர்த்தில் இருக்கும் ரீம் கேட்டாள், கொடுத்தேன். அவள் சொல்லி இன்னும் பத்துப் பேர் வாங்கிக்கொண்டார்கள். "நீ நல்லா இருப்பே ஒல்ஃபா, இப்பதான் எனக்கு மூச்சு வருது" என்று ரீம் தொலைபேசியில் சொன்னாள். நாள் முழுக்கத் துள்ளிக்கொண்டிருந்தேன்.

ரொட்டிக் கேள்விக்கு மட்டும் யாரும் பதில் சொல்லவில்லை. ஓரானிலிருந்து நஸீமா என்றொரு அம்மா, என் கேள்விக்குக் கீழேயே எழுதியிருந்தார். ஆவலோடு திறந்தேன். "தங்கைகளே, இன்று கடல் காற்று. என் எலுமிச்சை மரத்தில் ஏழு பூ. ஹிஷாம் வேலைக்குக் கிளம்பிவிட்டான்." அவ்வளவுதான். முடிந்தது கடிதம்.

8 மார்ச், வியாழன்

ரத்தத்தில் அந்த அளவு 3.9. ஆறுக்குள் இருக்க வேண்டும். இருக்கிறது. வாரா வாரம் விரலில் குத்தி, அட்டையில் சொட்டு விட்டு, துனிசுக்கு அனுப்பி, மூன்றாம் நாள் தொலைபேசியில் அந்த எண் வரும்வரை நான் சாப்பிடுவது எதுவும் நாக்கில் ஏறுவதில்லை.

நஸீமா அம்மா இன்றும் எலுமிச்சை. போன வாரம் மழை, அதற்கு முன் பக்கத்து வீட்டுப் பூனை. வாரம் இரண்டு முறை தவறாமல் வந்துவிடுகிறார். இதற்குப் பின்னாலேயே நாலு பேர் "நன்றி நஸீமா அக்கா, காப்பாத்தினீங்க" என்று எழுதுகிறார்கள். பூனையிடமிருந்தா?

இன்று எரிச்சலில் அவருக்குத் தனியாக எழுதிவிட்டேன். "உங்கள் மரத்தின் நலம் அறிந்து மகிழ்ச்சி. குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு படிப்பவர்கள் இங்கே இருக்கிறோம். எங்களுக்கு நேரம் குறைவு."

அனுப்பிய கையை வெட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது. ஆனால் பொய் ஒன்றும் எழுதவில்லையே?

9 மார்ச்

பதில் வந்துவிட்டது. "மன்னித்துக்கொள் மகளே. உனக்கு நேரமில்லாதபோது கோட்டுக்குக் கீழே மட்டும் படி."

எந்தக் கோடு? என்ன சொல்கிறார்? குத்திக் காட்டுகிறாரா?

நான் பதில் போடவில்லை.

24 மார்ச், சனி

பச்சைப் பை தீர்ந்துவிட்டது. மொன்செஃப் புதியது வாங்கி வந்தார். அதே கடை, அதே பச்சை. ஜாடியில் கொட்டி வைத்தேன்.

கஞ்சி இன்று சற்று மிருதுவாக வந்தது. ரனீம் கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டாள். கடைசியில் எனக்குக் கைப்பதம் வந்துவிட்டதோ?

31 மார்ச், சனி — மௌலித்

நபிகள் பிறந்தநாள். வீடு முழுக்க ஸகூகு வாசனை. பைன் விதையை அரைத்துக் காய்ச்சிய கருப்புக் களி, மேலே வெள்ளைப் பாலாடை, பாதாம், பிஸ்தா. தெருவில் எல்லா வீட்டிலிருந்தும் எல்லா வீட்டுக்கும் கிண்ணங்கள் போகின்றன. பதினாலு கிண்ணம் வந்தது. ஒவ்வொன்றும் எனக்குக் குண்டு போலத் தெரிந்தது.

நாத்தனார் ஹயேத் அண்ணி தையல் கடையைச் சாத்திவிட்டுக் காலையிலேயே வந்துவிட்டார். ரனீமை மடியில் வைத்துக்கொண்டே மறு கையால் களி சாப்பிட்டார். நான் கரண்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன புள்ள, கரண்டியைக் கண்ணாலேயே முழுங்குற? உனக்கும் ஒரு கிண்ணம் தரட்டுமா?"

"வேண்டாம் அண்ணி. குழந்தை கைய நீட்டுது, பாத்துக்குங்க."

"அவ கை நீட்டுறது என் கம்மலுக்கு. அத்தை சொத்து மேல இப்பவே கண்ணு!"

எல்லாரும் சிரித்தார்கள். விருந்தினருக்குக் காபி போட நான் அடுக்களைக்குப் போனேன். ஐந்து நிமிடம் இருக்கும்.

6 ஏப்ரல், வெள்ளி

9.7

விடுமுறையால் போன வாரம் அட்டை அனுப்பவில்லை. இன்று நர்ஸ் எண்ணை இரண்டு முறை சொன்னார். நான் மூன்றாம் முறை கேட்டேன். "என்னம்மா குடுத்தீங்க பிள்ளைக்கு?" என்றார். ஒண்ணும் குடுக்கலையே. நான் ஒண்ணும் குடுக்கலையே!

அந்த ஐந்து நிமிடம்.

7 ஏப்ரல், சனி

சொல்லிவிட்டேன். தையல் கடைக்கே போய், இரண்டு வாடிக்கைக்காரிகள் அளவு கொடுத்துக்கொண்டு நிற்கும்போதே சொல்லிவிட்டேன்.

"அண்ணி, மறைக்காம சொல்லுங்க. அன்னிக்கு என் பொண்ணுக்கு என்ன ஊட்டினீங்க?"

அண்ணி வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார். "ஒண்ணும் ஊட்டல."

"நாக்குல தடவிக்கூடப் பாக்கலையா? ஒரு சொட்டு? எல்லாரும் செய்றதுதானே, ஒரு சொட்டுல என்ன ஆகப்போகுதுன்னு?"

"ஒல்ஃபா, நான் எங்க சித்தப்பா பையனோட வளந்தவ. அவனுக்கு இன்னிக்கும் வாய் துடைச்சு விடுறவ. என்னைப் பாத்தா கேக்குற?"

நான் நம்பவில்லை. "இனிமே ரனீமைத் தூக்காதீங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மொன்செஃப் இரவு சாப்பிடவில்லை. "எங்க அக்கா பொய் சொல்ல மாட்டா" என்று மட்டும் சொன்னார். பின் திரும்பிப் படுத்தார். அப்ப நான் சொல்றது பொய்யா? 9.7 பொய்யா?

9 ஏப்ரல், திங்கள்

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

காலையில் மூட்டையைச் சலித்தேன். மார்செய்க்காரி ஒருத்தியின் கடிதம்: "நஸீமா அக்கா சொன்ன அன்றே பச்சைப் பையைத் திருப்பிப் பார்த்தேன். நல்ல வேளை, வாயில் வைக்கவில்லை."

பச்சைப் பையா? நஸீமா அம்மா எப்போது சொன்னார்? அவர் பெயரில் இருந்த எல்லாவற்றையும் திறந்தேன். 26 மார்ச்: "தங்கைகளே, எலுமிச்சை காய் விட்டுவிட்டது. மௌலித் வருகிறது, எல்லோரும் கிண்ணங்களிடம் ஜாக்கிரதை." முடிந்தது. பை எங்கே?

சலிக்காத பழைய மூட்டையை எடுத்து, அந்த நாளைத் தேடி, கண்ணாலேயே ஒவ்வொரு வரியாகப் போனேன். எலுமிச்சை. கிண்ணம். அதற்குக் கீழே — விசையை அழுத்திப் பிடித்து இழுத்தது போல நீளமாக ஒரு கோடு. சிறு கோடுகள், முப்பது நாற்பது இருக்கும். அதற்கும் கீழே:

"பச்சைப் பையில் இப்போது வேறு ஆலை மாவு வருகிறது. உறை அதேதான். பின்பக்கம் பாருங்கள். நூறு கிராமில் புரதம் ஒன்றுக்கும் குறைவாக இருந்ததே, புதியதில் ஆறுக்கு மேல். கொடுக்காதீர்கள்."

அவர் தம் கடிதத்துக்கு நடுவே கோடு இழுத்திருக்கிறார். என் சல்லடை அதைக் கடிதத்தின் முடிவு என்று வெட்டியிருக்கிறது. கீழ்ப் பாதியில் பெயர் இல்லை. பெயர் இல்லாததால் கப்பி.

காலிப் பையைத் தேடிக் குப்பைக் கூடையைக் கவிழ்த்தேன். அதில் இருக்குமா, அது போய்ப் பதினைந்து நாள் ஆகிறது. ஓடிப்போய்க் கடையில் அதே பையை எடுத்துத் திருப்பினேன். 6.3. முதல் மூன்று பைகளையும் திருப்பிப் பார்த்தவள் நான். நான்காவதை ஏன் பார்க்கவில்லை? பச்சை என்பதால். பழகிவிட்டதால். கஞ்சி மிருதுவாக வந்ததே என்று பெருமை வேறு பட்டேன். புரதம் உள்ள மாவு மிருதுவாகத்தானே வரும்!

அண்ணி ஒரு சொட்டும் கொடுக்கவில்லை. பதினைந்து நாளாகக் கரண்டி கரண்டியாகக் கொடுத்தது நான்.

அதே நாள், ரனீம் தூங்கிய பிறகு

கப்பி உறையைத் திறந்தேன். தினசரி அறிவிப்புகளுக்கு நடுவே பெயரில்லாத துண்டுகள் பதினேழு. எல்லாம் அவருடையவை.

"காய்ச்சல் வந்தால் அளவு தானாக ஏறும். பயப்படாதே, பால்மாவைக் குறைக்காதே."

"பிறந்தநாள் கேக்குக்கு முட்டை வேண்டாம். ஆப்பிளை வேகவைத்து மசித்துப் போடு. யாருக்கும் வித்தியாசம் தெரியாது. தெரிந்தாலும் சொல்ல மாட்டார்கள்."

"மாவு ஊற வேண்டும், பத்து நிமிடம். அதுவரை அடுப்பைப் பார்க்காதே, குழந்தையைத் தூக்கு."

பிறகு இது. பிப்ரவரி பதின்மூன்று. நான் கேட்டதற்கு மறுநாள்.

"ஸ்ஃபாக்ஸிலிருந்து புதிதாக வந்திருக்கும் பெண்ணுக்கு. ரொட்டி கல்லானால் உன் கை குற்றமில்லை. இந்த மாவுக்குப் பிடிப்பு கிடையாது. மருந்துக் கடையில் இசப்கோல் உமி வாங்கு. இரண்டு கரண்டி உமியை வெந்நீரில் போட்டால் கூழாகும். அந்தக் கூழ்தான் பிடிப்பு. பிசையாதே, கரண்டியால் கலக்கு. என் ஹிஷாமுக்கு இருபத்திரண்டு வயது, மின்கம்பத்தில் ஏறி வேலை செய்கிறான். இந்த ரொட்டியில் வளர்ந்தவன்தான். உன் மகளும் வளர்வாள்."

எட்டு வாரமாக இது என் கணினியிலேயே கிடந்திருக்கிறது. சல்லடை எழுதியது பதினாறாம் தேதி. அதற்குப் பிறகு பழைய மூட்டைகளையும் நானே உற்சாகமாகச் சலித்தேன்.

குழுவின் பழைய கடிதங்களில் தேடி, அவர் முதன்முதலில் எழுதியதையும் பார்த்தேன். ஆறு வருடம் முன்பு. "கோட்டுக்கு மேலே என் அரட்டை. வீட்டில் பேச ஆளில்லாததால் எழுதுகிறேன். கோட்டுக்குக் கீழே காரியம். குழந்தை அழுதுகொண்டிருந்தால் கீழே மட்டும் படியுங்கள்."

அந்தக் கோடு எனக்காகத்தான் இழுத்தது. ஒரு கையில் குழந்தையோடு படிக்கிறவளுக்காக.

10 ஏப்ரல், செவ்வாய்

முதலில் ரீமைக் கூப்பிட்டேன். அவள் மகனுக்கு 8.2. "பல்லு முளைக்குது, அதனாலன்னு இருந்தேன்" என்றாள். பைதான் என்றேன். ஏன் அவளுக்குத் தெரியாமல் போயிற்று என்றும் சொன்னேன். "ரீம், திட்டு. பரவால்ல." "திட்டுறதுக்கு அப்புறம் நேரம் இருக்கு. இப்ப வை, நான் ஜாடியைக் கவுக்கணும்."

குழுவுக்கு எழுதினேன். சல்லடை வாங்கிய பதினொரு பேரின் பெயரையும் போட்டு: தவறு என்னுடையது, பத்துக் கோடு கண்டால் வெட்டு என்று சோம்பேறித்தனமாக விதி வைத்தேன், பச்சைப் பையைத் திருப்புங்கள், கப்பி உறையைத் திறந்து படியுங்கள். மூன்று முறை அழித்து நான்காம் முறை அனுப்பினேன். நல்ல பெயர் போனால் போகட்டும்.

நஸீமா அம்மாவுக்குத் தனியாக: "உங்கள் கோட்டை நான்தான் வெட்டினேன்."

11 ஏப்ரல், புதன்

அண்ணி கடை. இன்றும் இரண்டு வாடிக்கைக்காரிகள் இருந்தார்கள். நல்லது, அன்றும் ஆள் முன்னால்தானே பேசினேன். ரனீமை அண்ணி மடியில் வைத்தேன்.

"நான்தான் குடுத்திருக்கேன் அண்ணி. மாவு தப்பு. உங்கமேல பழி போட்டுட்டேன்."

அண்ணி ரொம்ப நேரம் ஊசியில் நூல் கோத்தார். நூல் ஏற்கெனவே கோத்திருந்தது.

"என் கரண்டியையும் சோதனைக்கு அனுப்பிடு, எதுக்கும்."

"அண்ணி..."

"அழாத. துணி நனையும், இது கல்யாணத் துணி." பிறகு ரனீம் காதில் சொன்னார்: "உங்கம்மாவுக்குப் படிப்பு இருக்கு, பையத் திருப்புற புத்தி இல்ல. இனிமே மாவு வாங்குனா மொதல்ல இந்த அத்தைகிட்டக் காட்டச் சொல்லு."

13 ஏப்ரல், வெள்ளி

7.4. இறங்குகிறது. இன்னும் இறங்க வேண்டும். இந்த நாட்கள் அவளுக்குள் ஏதாவது செய்திருக்குமா? டாக்டர், "இரண்டு வாரம்தான், பயப்பட ஒன்றுமில்லை" என்கிறார். நம்பப் பார்க்கிறேன்.

நஸீமா அம்மா எழுதியிருக்கிறார். "மகளே, என் கோட்டால் உன் நிரலுக்குத் தொந்தரவு. இனி நட்சத்திரம் போடுகிறேன். அல்லது ஒன்றும் போடாமல் எழுதுகிறேன். மரத்தைப் பற்றி எழுதுவதையும் குறைத்துக்கொள்கிறேன்."

வேண்டாம். வேண்டவே வேண்டாம். அவர் மாற வேண்டியதில்லை, சல்லடைதான் மாற வேண்டும். இன்று விதியைத் திருத்தினேன்: கோடு கண்டவுடன் வெட்டாதே. கோட்டுக்கு அடுத்து அனுப்பியவர் பெயரும் தேதியும் வந்தால் மட்டும் வெட்டு. வராவிட்டால் அது அந்த அம்மாவே இழுத்த கோடு. முன் கடிதத்தோடு சேர்த்து வை. நான்கே வரி. நான்கு வரி அதிகமாக யோசித்திருந்தால்...

அவருடைய ஆறு வருடக் கடிதங்களையும் புதுச் சல்லடையில் போட்டேன். ஐநூற்றுச் சொச்சம். ஒன்றும் வெட்டுப்படவில்லை. அதையே பதிலாக எழுதினேன், கடைசியில் கேட்டேன்: "எலுமிச்சை எப்படி இருக்கிறது?"

20 ஏப்ரல்

4.6

நர்ஸ் ஒரு முறைதான் சொன்னார். ஒரு முறையே போதுமாக இருந்தது.

14 மே, திங்கள்

மணி பதினொன்று தாண்டிவிட்டது. தெருவில் மல்லிகை விற்பவன் கூடப் போய்விட்டான். இன்று ரனீமின் முதல் பிறந்தநாள். அண்ணி வந்து எல்லா டப்பாவையும் திருப்பிப் பார்த்தார், சர்க்கரையைக்கூட. "சர்க்கரைல ஒண்ணும் இருக்காது அண்ணி" என்றேன். "உன் வாய்ச்சொல்லு யாருக்கு வேணும், எழுத்தைக் காட்டு" என்றார். ஆப்பிள் போட்ட கேக். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. மொன்செஃபுக்குத் தெரிந்தது, சொல்லவில்லை.

ரீம் நேற்றுத்தான் மூச்சு விடாமல் கால் மணி நேரம் திட்டினாள். முடித்துவிட்டு, புதுச் சல்லடை அனுப்பு என்றாள்.

மூட்டையில் ஒரு புதுப் பெண். கபேஸிலிருந்து, மகனுக்கு நாலு மாதம், வரிக்கு வரி கேள்விக்குறி. அவளுக்கு எழுத உட்கார்ந்தேன். முதலில் எங்கள் வீட்டு மாடியிலிருந்து தெரியும் உப்பளத்தைப் பற்றி, மாலையில் அது இளஞ்சிவப்பாவதைப் பற்றி நாலு வரி. பிறகு விசையை அழுத்திப் பிடித்தேன். அதற்குக் கீழே இசப்கோல், வெந்நீர், பத்து நிமிடம்.

நஸீமா அம்மா தபாலில் ஒரு சின்னப் பொட்டலம் அனுப்பியிருந்தார். உள்ளே காய்ந்த எலுமிச்சை விதை ஐந்து. காலி டப்பாக்கள்தான் எனக்குக் குறைவில்லையே. ஒன்றில் மண் நிரப்பி நட்டிருக்கிறேன். ஒன்று முளைத்திருக்கிறது போலவும் இருக்கிறது, இல்லாதது போலவும் இருக்கிறது. கண்ணாடி போட்டுப் பார்க்க வேண்டும்.

——————————————————

4.1. இன்று ரனீம் ரொட்டியைத் தானே பிய்த்துத் தின்றாள். ஒரு துண்டை என் வாயில் வைத்து, "ம்மா" என்றாள்.